உட்காரச் சொன்னவர்

வெள்ளையன் எங்களை எச்சரித்தார். எச்சரிக்கவில்லை என்று எழுதிக் கொடுத்தவள் நான்.

இந்த இரண்டு வரிகளைச் சொல்ல எனக்கு நான்கு வருடங்கள் ஆகியிருக்கின்றன! என் கணவரிடம் சொல்லவில்லை. மும்தாஜிடம் சொல்லவில்லை. பௌர்ணமி தவறாமல் கிரிவலம் போகிறேனே, வழியில் எட்டு லிங்கங்கள் இருக்கின்றனவே, ஒன்றின் முன்னால்கூட வாய் திறக்கவில்லை. முகம் தெரியாத உங்களிடம் சொல்கிறேன். நாளைக் காலை உங்கள் முகத்தில் விழிக்க வேண்டியதில்லை என்ற தைரியம்தான், வேறென்ன!

என் பெயர் கற்பகம். திருவண்ணாமலையை அடுத்த வேங்கிக்காலில் ஓர் அலுவலகத்தில் உதவியாளர். நாற்பத்தெட்டு வயது. எங்கள் பிரிவில் சிக்கலான கடிதம் எதுவானாலும் என் மேசைக்குத்தான் வரும். வார்த்தைகளை எங்கே வைத்தால் எவர் மேல் விழும் என்பது எனக்குத் தெரியும். இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது.

மும்தாஜ் எங்கள் தெருவில் தையல் கடை வைத்திருப்பவள். என்னைவிட ஆறு வயது இளையவள். தினமும் காலை ஐந்தரை மணிக்கு இருவரும் கிரிவலப் பாதையில் நடக்கப் போவோம். "உங்களுக்குப் புண்ணியம் ஜாஸ்தியாவும், எனக்கு சுகர் கம்மியாவும்" என்று சிரிப்பாள். அவள் நடப்பது இரண்டு கிலோமீட்டர். நானோ பௌர்ணமிக்குப் பௌர்ணமி பதினான்கு கிலோமீட்டர், அதுவும் செருப்பில்லாமல்! அந்தக் கர்வம் எனக்கு உள்ளங்காலில் இருந்து உச்சந்தலை வரை இருந்தது. நடப்பது என்றால் நான்தான். மலை என்றால் எனக்குத் தெரியாததா?

ஜவ்வாது மலையில் ஒரு குழுவினர் கூடாரம் அடித்துத் தருகிறார்கள், ஓர் இரவு தங்கிவிட்டு மறுநாள் மலையேறி வரலாம் என்று கைபேசியில் பார்த்துச் சொன்னவள் ஜோதி. என் அலுவலகத் தோழி, முப்பது வயது. மும்தாஜ் குதித்தாள். கல்யாணமாகி இருபது வருடங்களில் அவள் ஒரு நாள்கூட வெளியில் தங்கியதில்லை. அவள் கணவர் யோசித்து யோசித்துக் கடைசியில், "கற்பகம் அக்கா கூடன்னா போய்ட்டு வா" என்றார்.

என் வீட்டில் அவ்வளவு சுலபமாக முடியவில்லை.

"மூணு பொம்பளைங்க மலை மேல போய் என்னா பண்ணப் போறீங்க? ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?" என்றார் என் கணவர்.

"நான் சொல்றேன்" என்றேன்.

எவ்வளவு மிடுக்காகச் சொன்னேன்! நினைத்தால் இப்போதும் முகம் சுடுகிறது.

போளூர் வழியாகப் பேருந்தில் போனோம். மலைமேல் எங்களை அழைத்துப் போக வந்தவர்தான் வெள்ளையன். அந்த மலையிலேயே பிறந்தவர். நாற்பது, நாற்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லியான உடம்பு, அதிகம் பேசாத வாய். வருகிறவர்களுக்கு வழிகாட்ட அந்தக் குழு அவரை வைத்திருந்தது. அவருடைய சாமை நிலத்தின் ஓரத்தில்தான் எங்கள் கூடாரம். முளைகளை அடித்துவிட்டு, கயிற்றை இழுத்துப் பார்த்துவிட்டு, "காத்து வந்தாலும் புடுங்காதும்மா" என்றார். அன்று மாலை வெயிலும் தூறலும் மாறி மாறி வந்து போயின. மும்தாஜ் ஒவ்வொரு தூறலுக்கும் வெளியே ஓடிப்போய் நின்று நனைந்தாள். அவளை அப்படி நான் பார்த்ததே இல்லை.

மறுநாள் காலை ஆறு மணி. இதை நிதானமாகச் சொல்ல வேண்டும். எல்லாம் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

மும்தாஜும் ஜோதியும் சற்றுத் தள்ளித் தண்ணீர்த் தொட்டியில் பல் துலக்கிக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் கூடாரத்தின் முன் நின்றிருந்தேன். வெள்ளையன் வந்தார். வானத்தைப் பார்த்தார். வெயில் பளிச்சென்று அடித்துக்கொண்டிருந்தது.

"இன்னிக்கு மேல போவாதீங்கம்மா. காத்து திரும்பி அடிக்குது. உச்சிப் பொழுதுக்குள்ள மேகம் எறங்கிடும். எதிர்ல நிக்கிற ஆளு தெரியாது."

"இன்னிக்கு விட்டா முடியாதுங்க. நாளைக்கு எங்களுக்கு ஆபீஸ் இருக்குது."

"அப்ப நானும் கூட வரேன்."

"வேணாங்க. வழிய சொல்லுங்க, நாங்க போய்ட்டு வந்துடுறோம்."

அவருக்கு மனமில்லை. காலால் மண்ணைக் கிளறிக்கொண்டு நின்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். "மேல தட்டையா ஒரு பாறை இருக்கும். அதோட திரும்பிடுங்க. மேகம் எறங்கிடுச்சின்னா எங்க இருக்கீங்களோ அங்கயே உக்காந்துடுங்க. ஒரு அடி எடுத்து வைக்காதீங்க. நான் விசில் அடிச்சிக்கினே வருவேன். நீங்க ஒரு குரல் குடுத்தா போதும், வந்துடுவேன்."

தலையாட்டினேன். நன்றாகக் கேட்டேன். நன்றாகப் புரிந்தது!

அவரை ஏன் வேண்டாம் என்றேன்? மூன்று பெண்கள் ஒரு நாளாவது துணைக்கு ஆளில்லாமல் நடக்கட்டுமே என்று நினைத்தேன்... இப்படித்தான் பல நாட்கள் எனக்கு நானே சொல்லிவந்தேன். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உண்மை அதுவல்ல. அவர் வந்தால் அவர் முன்னால் நடப்பார். நான் பின்னால் நடக்க வேண்டும். அது எனக்குப் பிடிக்கவில்லை. அவ்வளவுதான்!

பல் துலக்கிவிட்டு வந்த இருவரிடமும் சொன்னேன். "அவருக்கு நெலத்துல ஏதோ வேலையாம். நம்மளயே போய்ட்டு வரச் சொல்லிட்டார். மழை எல்லாம் வராதாம்."

இது பொய் என்றுகூட அப்போது எனக்குத் தோன்றவில்லை. கிளம்புகிற நேரத்தில் அவர்களைப் பயமுறுத்துவானேன் என்றுதான் நினைத்தேன். பின்னால் நான் சொன்ன பெரிய பொய்க்கு இந்தச் சின்னப் பொய்தான் சாட்சியாக வந்து நிற்கப்போகிறது என்று எனக்கு எப்படித் தெரியும்?

ஏறினோம். முதல் ஒரு மணி நேரம் வெயில். பிறகு ஒரு தூறல், மறுபடியும் வெயில். "பாத்தியா, இவ்ளோதான் மழை!" என்று நான் திரும்பிச் சொன்னேன். தட்டைப் பாறையை அடைந்தபோது மணி பத்துகூட ஆகவில்லை. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை மலைகள். நான் கட்டிக்கொண்டு போன புளிச்சோற்றையும் மும்தாஜின் ரொட்டியையும் மாற்றி மாற்றிச் சாப்பிட்டோம். ஜோதி படம் எடுத்துத் தள்ளினாள். அந்தப் படங்களில் நான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறேன்.

சாப்பிட்டதும் இறங்கியிருக்க வேண்டும். "அக்கா, மேகம் கீழ வர்ற மாதிரி இருக்குதே" என்றாள் மும்தாஜ். இன்னும் கொஞ்சம் என்றேன். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று பதினொன்றரை ஆக்கினேன்.

இறங்க ஆரம்பித்த கால் மணி நேரத்தில் மேகம் எங்கள் மேல் இறங்கியது. அது வந்த வேகத்தை என்னவென்று சொல்ல! ஜோதியின் சிவப்புத் துப்பட்டா இரண்டு எட்டு தள்ளி மங்கலாகத் தெரிந்தது. பாதை எங்கே என்று தெரியவில்லை. சாரல் முகத்தில் அடித்தது. குளிர்ந்தது.

"அக்கா, இங்கயே உக்காந்துடலாமா? கலைஞ்சதும் போலாம்" என்றாள் மும்தாஜ்.

வெள்ளையன் சொன்னதே அவள் வாயிலிருந்து வந்தது. அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பயத்தில் அவளுக்குத் தானாக வந்த புத்தி, சொல்லித்தந்தும் எனக்கு வரவில்லை.

வரவில்லையா? இல்லை... வந்தது. உட்கார வேண்டும் என்று தெரிந்தது. ஆனால் உட்கார்ந்தால் வெள்ளையன் வருவார். "உங்களுக்கு நெலத்துல வேலைன்னாங்களே" என்று ஜோதி கேட்பாள். காலையில் நான் சொன்னது அந்த இடத்திலேயே உடைந்து போகும். மேகத்தைவிட அந்தக் கேள்வி எனக்குப் பயமாக இருந்தது!

அதனால் நான் ஒன்று சொன்னேன். திருவண்ணாமலையில் பிறந்து வளர்ந்தவளைத் தவிர வேறு யாரும் அப்படி ஒரு முட்டாள்தனத்தைச் சொல்லியிருக்க முடியாது.

"மலைய சோத்துக்கை பக்கம் வச்சிக்கினு நடங்க. நம்மூர் மலை மாதிரிதான். சுத்தினு வந்தா கெளம்பின எடத்துக்கே வந்துடுவோம்."

எங்கள் மலை ஒற்றை மலை. பிறந்ததிலிருந்து அதை வலப்பக்கம் வைத்து நடந்து நடந்து, எந்த மலையைச் சுற்றினாலும் புறப்பட்ட வாசலுக்கே கொண்டுவந்து விடும் என்று என் கால்கள் நம்பின. அதே காலையில் தட்டைப் பாறையின் மேல் நின்று, ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கும் அத்தனை மலைகளையும் கண்ணால் பார்த்திருந்தேன். ஒரு மலையின் இடுப்பில் நடந்தால் அடுத்த மலையின் தோளில் போய் ஏறுவோம் என்று சின்னக் குழந்தைக்கும் புரிந்திருக்கும். எனக்குப் புரியவில்லை. அவர்களோ என்னை நம்பினார்கள். அத்தனை பௌர்ணமி நடந்தவள் ஆயிற்றே!

நடந்தோம். மலைச்சரிவு வலக்கைப் பக்கம் ஏறிக்கொண்டே இருந்தது. அரை மணி நேரம்... முக்கால் மணி நேரம்... மழை வலுத்தது. காலடியில் இருந்த புல் போய்க் கற்கள் வந்தன. நாங்கள் ஏறி வந்த வழியில் அப்படிப்பட்ட கற்களே இல்லை. அதை நான் கவனித்தேன். சொல்லவில்லை.

இதுவரை படித்த நீங்கள் என்னை முட்டாள், தலைக்கனம் பிடித்தவள் என்று நினைத்திருப்பீர்கள். அதோடு நின்றால் எனக்கு எவ்வளவு நிம்மதி! ஆனால் நான் சொல்ல வந்தது அதுவல்ல. சொல்ல வந்ததைத்தான் இத்தனை நேரம் தள்ளித் தள்ளிப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

விசில் சத்தம் கேட்டது.

எங்களுக்குப் பின்னால், மேலே, தூரத்தில். நீளமாக ஒன்று. சற்று இடைவெளி விட்டு இன்னொன்று.

ஜோதி நின்றாள். "அக்கா, யாரோ விசில் அடிக்கிறாங்க."

"ஏதோ பறவை. நட" என்றேன்.

ஆம்! அதைத்தான் சொன்னேன். அது யார் என்று எனக்குத் தெரியும். சொன்ன சொல் மாறாமல், மேகம் இறங்கியதும் அந்த மனிதர் எங்களைத் தேடி வந்துவிட்டார் என்று தெரியும். ஒரே ஒரு குரல் கொடுத்தால் போதும் என்றும் தெரியும். மூன்றாவது முறையும் அந்தச் சத்தம் வந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டு வேகமாக நடந்தேன். எனக்குப் பின்னால் வர வேண்டுமே என்று அவர்களும் வேகமாக நடந்தார்கள்.

பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஓர் ஓடையின் குறுக்கே கால் வைத்தபோது மும்தாஜ் வழுக்கினாள். அவளுடைய வலது கால் இரண்டு பாறைகளுக்கு இடையில் மாட்டிக்கொண்டது. உடம்பு மட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அந்தச் சத்தத்தை எழுத எனக்குத் திராணி இல்லை. பிறகு அவள் அலறினாள்.

அந்த அலறலைக் கேட்டுத்தான் வெள்ளையன் வந்து சேர்ந்தார். நான் கொடுத்திருக்க வேண்டிய குரலை அவள் கொடுத்தாள்.

அவர் தன் துண்டைக் கிழித்துக் காலைக் கட்டினார். மும்தாஜைக் குழந்தையைத் தூக்குவதுபோல் முதுகில் தூக்கிக்கொண்டார். அந்த மழையில், அந்தச் சரிவில், இரண்டு மணி நேரம் சுமந்தார். கைபேசியில் சிக்னல் கிடைக்கிறதா பார்க்க ஜோதி முன்னால் ஓடிவிட்டாள். மும்தாஜ் வலியில் பாதி மயங்கிக் கிடந்தாள். அப்போது ஒரே ஒரு முறை என் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"உக்காரத்தானம்மா சொன்னேன்?"

நான் மும்தாஜின் தொங்கிய கையை எடுத்து அவர் தோளில் வைத்தேன்.

மும்தாஜுக்குக் கணுக்காலில் தகடு வைத்தார்கள். எத்தனை நாட்கள் மருத்துவமனையில் இருந்தாளோ அத்தனை நாட்களும் நான் கூட இருந்தேன். இட்லி வாங்கிவந்து ஊட்டினேன். தலை வாரிவிட்டேன். "கூடப் பொறந்தவ கூட இப்படிப் பாக்க மாட்டா" என்று அவள் மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் பிடித்துக்கொள்ள விட்டேன்!

ஜோதி ஒரு நாள் கேட்டாள், "அப்ப அந்த விசில் அவருதானா அக்கா?" என்று. "எனக்கென்னா தெரியும்?" என்றேன். அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. பெரியவர்களைத் துருவித் துருவிக் கேட்கிற பழக்கம் அவளுக்கு இல்லை.

நான்காம் நாள் மும்தாஜின் கணவர் வெள்ளைத்தாளோடு வந்தார். "அக்கா, அந்த ஆளு நம்ம பொம்பளைங்கள தனியா வுட்டுட்டுப் போயிருக்கான். இத சும்மா வுடக்கூடாது. அந்த டென்ட்காரங்களுக்கு ஒரு புகார் எழுதணும். நீங்கதான் நல்லா எழுதுவீங்க."

அந்த நொடியில் சொல்லியிருக்கலாம். வாசலில் யாரும் இல்லை. மும்தாஜ் தூங்கிக்கொண்டிருந்தாள். "தம்பி, தப்பு என்னுது" என்று மூன்றே சொற்கள்... என் கணவர் நினைவுக்கு வந்தார். இனி எந்த வீட்டிலும் எந்தப் பெண்ணையும் இப்படி வெளியில் விடமாட்டார்கள் என்றும் தோன்றியது. இதையும் ஒரு நல்ல காரணமாக வெகுநாள் வைத்திருந்தேன். ஊர்ப் பெண்களின் சுதந்திரத்துக்காக நான் பொய் சொன்னேனாம்! நானே இப்போது சிரிக்கிறேன்.

பேனாவைத் திறந்து எழுதினேன். "மேற்படி வழிகாட்டி, வானிலை குறித்து எங்களுக்கு எவ்வித முன்னெச்சரிக்கையும் அளிக்காமலும், தமது சொந்த விவசாயப் பணியை முன்னிட்டு எங்களுடன் வராமலும் இருந்த காரணத்தால்..." ஒரே மூச்சில் ஒரு பக்கம். அடித்தல் திருத்தல் இல்லை. இருபது வருட அலுவலக அனுபவம் முழுவதும் அந்த ஒரு பக்கத்தில் இறங்கியிருந்தது.

மூவரும் கையெழுத்திட்டோம். ஜோதி மனமறிந்து பொய் சொல்லவில்லை. அவருக்கு நிலத்தில் வேலை என்று அவள் காதால் கேட்டாளே! என் வாயிலிருந்துதான் கேட்டாள் என்பது அவளுக்கு உறைக்கவில்லை. மும்தாஜ் மட்டும் கொஞ்சம் தயங்கினாள். "பாவம், அவருதானே என்ன தூக்கினு வந்தாரு" என்றாள். "தூக்காம வுட முடியுமா, அவரு பொறுப்புதான" என்று நான் தாளை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"நான் சொன்னேங்க, அந்தம்மாகிட்ட சொன்னேன்" என்று வெள்ளையன் கெஞ்சியிருக்கிறார். கூடாரக் குழுவினர் எழுத்தில் இருப்பதையே நம்பினார்கள். இனி வழிகாட்டியாக வரவேண்டாம் என்று அவரை அனுப்பிவிட்டார்கள். "இப்படிப் பொறுப்பில்லாத ஆளுங்கள எல்லாம் வெச்சிருக்கான் பாரு" என்றார் என் கணவர். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மும்தாஜ் இப்போது சாய்ந்து சாய்ந்து நடக்கிறாள். தையல் இயந்திரத்தைக் காலால் மிதிக்க முடியாததால் மோட்டார் வைத்துக்கொண்டாள். காலையில் நான் தனியாக நடக்கிறேன். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் என்னைக் காட்டி, "இந்த அக்கா மட்டும் இல்லைன்னா நான் இல்ல" என்பாள். அப்படிச் சொல்லும்போது அவள் கண்ணில் ஒரு துளிச் சந்தேகமும் இருக்காது. இருந்தால் நன்றாக இருக்குமே என்று நான் ஏங்கியிருக்கிறேன்... நம்புவீர்களா?

இத்துடன் முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். கல்லாகவே காலத்தைத் தள்ளியிருப்பேன். போன மாதம் அவரைப் பார்த்தேன்.

திங்கட்கிழமை. வேங்கிக்காலில் ஆட்சியரிடம் மனு கொடுக்க வருகிறவர்களின் கூட்டம். நான் தேநீர் குடித்துவிட்டு அலுவலகத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். வேப்பமரத்தடியில் ஒரு மஞ்சள் பையோடு வெள்ளையன் நின்றிருந்தார். தாடியெல்லாம் நரைத்துவிட்டது. நான் முகத்தைத் திருப்புவதற்குள் அவர் பார்த்துவிட்டார்.

கோபமாக வருவார் என்று நினைத்தேன். வந்திருக்கக் கூடாதா! கூட்டத்தின் நடுவில் நிறுத்தி நாலு கேள்வி கேட்டிருக்கக் கூடாதா!

கையெடுத்துக் கும்பிட்டார். "நல்லா இருக்கீங்களாம்மா? அந்தம்மா காலு எப்படி இருக்குது?"

"இருக்காங்க... நடக்கறாங்க" என்றேன்.

மகளின் சான்றிதழுக்காக வந்திருப்பதாகச் சொன்னார். இப்போது மலையில் இருப்பதில்லையாம். வருடத்தில் பாதி நாள் வெளிமாநிலத்தில் காபித் தோட்ட வேலையாம். சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பையின் காதைத் திருகிக்கொண்டிருந்தார்.

"உங்களப் பாத்தா ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா நெனச்சிக்கினு இருந்தேம்மா. அன்னிக்கு உக்காரச் சொல்லி நான் சொன்னேனா, இல்லியா?"

நான் கைப்பையைத் தோளில் இழுத்து மாட்டிக்கொண்டேன்.

"சொன்ன மாதிரிதான் எனக்குத் தோணுது. ஆனா எல்லாரும் இல்லன்னாங்க. எழுத்துலயே இருக்குதுன்னாங்க. எங்க வீட்ல கூட, நெசமா சொன்னியான்னு அதுவே கேக்குது. யோசிச்சி யோசிச்சிப் பாத்துட்டேன். இப்ப எனக்கே பிடிபடல. சொல்லணும்னு மனசுல நெனச்சிட்டு, சொல்லாம வுட்டுட்டேனோ என்னமோ... உங்களுக்கு ஞாபகம் இருக்குதாம்மா?"

நான் அவருடைய வேலையைத்தான் பறித்தேன் என்று நான்கு வருடங்களாக எண்ணிக்கொண்டிருந்தேன்.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் காலையில் பார்த்த அதே மாதிரி, ஒவ்வொரு சொல்லுக்கும் காத்துக்கொண்டு. ஆமாம் என்று ஒரு சொல் போதும். அவருடைய நினைவு அவருக்குத் திரும்பக் கிடைத்திருக்கும்.

"எனக்கும் சரியா ஞாபகம் இல்லீங்க" என்றேன்.

அவர் மெதுவாகத் தலையாட்டினார். "அப்ப சொல்லியிருக்க மாட்டேன். என் மேலதான் தப்பு. அந்தம்மாகிட்டயும் சொல்லிடுங்க... மன்னிச்சிடுங்கம்மா."

"பரவாயில்லைங்க" என்றேன் நான்.